‘வேலை செய்யாதோர்’ என்றொரு கட்டம்

அடுத்தவர் சம்பளத்தைக் கேட்டுத் திரிவதற்குச் சம்பளம் வாங்குவதும் ஒரு பிழைப்புதான்; அந்தப் பிழைப்பில் நான் ஏழெட்டு வருடம் இருந்தேன். கையில் படிவத்தோடு முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் நின்று, நாய் குரைத்து முடிக்கும்வரை காத்திருந்தவர்கள் யாராக இருந்தாலும் எனக்குச் சொந்தக்காரர்கள். இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தேன். பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் யார் என்ன தொழில் செய்கிறார்கள், கூலி என்ன, எத்தனை நாள் வேலை, போன வருடத்துக்கு இந்த வருடம் கூடியதா குறைந்ததா என்று வீடு வீடாகப் போய் எழுத வேண்டும். தற்காலிகப் பணி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு உத்தரவு வரும், சிலசமயம் வராமல் இழுத்தடிக்கும். என் படிவத்தில் விவசாயம், மீன்பிடி, உப்பளம், சுண்ணாம்புக் காளவாய், வியாபாரம் என்று தொழிலுக்கு ஒரு கட்டம் இருந்தது. எதிலும் அடங்காதவர்களுக்குக் கடைசியில் ஒரு கட்டம்: ‘வேலை செய்யாதோர்’. நான் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு கட்டத்தால்தான்.

கையில் என்ன?

கோட்டைக்குப்பத்தில் எனக்கு முதல் நாள். கரையில் கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் எத்திராஜ் என்ற மீனவர் வலையின் கிழிசலை முடிந்துகொண்டிருந்தார். போன வாரம் எத்தனை நாள் தொழிலுக்குப் போனீர்கள் என்று கேட்டேன். மூன்று நாள் என்றார். மற்ற நாலு நாள்? “பாடு இல்லம்மா” என்றார். ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களில் வலை போட ஊர் முறை வைத்திருக்கிறது. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். தன் முறை வராத நாளில் ஒருவர் அங்கே வலை போட்டால் ஊர் அவரைச் சும்மா விடாது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் படிவம்தான். “நாலு நாள் வேலை இல்லாமல் சும்மா இருந்தார்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன். எத்திராஜ் வலையை அப்படியே தூக்கி என் மூக்குக்கு நேராக நீட்டினார். “அப்போ என் கையில கீறது இன்னாம்மா, சீட்டுக்கட்டா?”

திரைக்குப் பின்னால்

பழவேற்காட்டில் ஒரு பாய் வீடு. தாத்தா காலத்தில் கப்பல் ஏற்றி வியாபாரம் செய்த குடும்பம். இப்போது அவருக்குச் சின்னதாக ஒரு கயிற்றுக் கடை. மரியாதையாக நாற்காலி போட்டு, பால் டீ கொடுத்து, தன் கணக்கைத் தெளிவாகச் சொன்னார். “வீட்டில் அம்மா என்ன செய்கிறார்கள்?” என்று கேட்டேன். “அவங்க சும்மாதான் இருக்காங்க. பொழுது போகாம ஓலை பின்னுவாங்க” என்றார்.

உள்ளே திரைக்குப் பின்னால் பனையோலையைக் கிழிக்கும் சத்தம் நான் வந்ததிலிருந்து நிற்கவே இல்லை. கூடத்தின் மூலையில் சாயம் போட்ட ஓலைப் பெட்டிகள் என் தோள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. வாரம் தவறாமல் ஆள் வந்து பட்டணத்துக்கு வாங்கிப் போவதாகத் தெருவில் முன்னாலேயே கேட்டிருந்தேன். நான் பேனாவை எங்கே வைப்பது என்று தயங்கியபோது ஓலைச் சத்தம் நின்றது. திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி ஜுலைகா பீவியின் குரல் நிதானமாக வந்தது: “பொழுதுபோக்குன்னே எழுதிக்கோங்க மேடம். நாளையிலேர்ந்து அரிசியும் அவரே பொழுதுபோக்கா வாங்கிட்டு வரட்டும்.”

பாய் சிரித்துவிட்டார். நான் ‘கைத்தொழில்’ என்று எழுதினேன்.

கருவிகள்: இல்லை

ஏரிக்கரையில் ஒரு குடியிருப்பு. முப்பது குடிசை இருக்கும். மூன்று முறை போனேன், மூன்று முறையும் ஆளே இல்லை. எல்லோரும் தண்ணீருக்குள் இருந்தார்கள். வலை, படகு எதுவும் கிடையாது. பெண்கள் வரிசையாக நீரில் குந்தி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். பனையோலையில் பின்னிய சின்னக் கூடையைப் பறி என்பார்கள். அதைப் பல்லில் கவ்விக்கொண்டு, பிடித்ததைக் கழுத்தடியிலேயே போட்டுக்கொள்வார்கள். இரண்டு கையும் வேலையில் இருக்கும்.

வீட்டில் வைத்துத்தான் விவரம் கேட்க வேண்டும் என்பது விதி. நாலாவது முறை நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏரியில் இறங்கிவிட்டேன். முதலில் அகப்பட்டவள் கோவிந்தம்மாள். நாற்பது வயது, வெயிலில் கறுத்த முகம், நீரில் ஊறி வெளுத்த விரல்கள். கேட்கக் கேட்கத் தலையை மட்டும் ஆட்டினாள். வாயில் பறி இருந்தது. ‘தொழில் கருவிகள்’ என்ற கேள்விக்கு வந்தேன். படகு உண்டா? இல்லை. வலை? இல்லை. தூண்டில்? இல்லை. ‘கருவிகள்: இல்லை’ என்று எழுதப் போனேன். கோவிந்தம்மாள் பறியை வாயிலிருந்து எடுத்து, இரண்டு கையையும் நீரிலிருந்து தூக்கி விரித்துக் காட்டினாள். நண்டு கடித்த வடு, இறால் கொம்பு கீறிய கோடு, ஒரு விரலில் நகமே இல்லை.

“இல்லன்னு எழுதாத கணக்கம்மா. பத்து கீது, எண்ணிப் பாத்து எழுது.”

சிவப்பு மை

எண்ணித்தான் எழுதினேன். அந்தக் குடியிருப்பின் பெண்கள் அத்தனை பேரையும் ‘மீன்பிடி’ கட்டத்தில் ஏற்றி ஆபீசில் கொடுத்தேன். என் மேற்பார்வையாளர் வரதன் சார் கெட்டவர் இல்லை. விதிப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்கக்கூடியவர். மீன்பிடி என்றால் படகு வேண்டும், வலை வேண்டும், அல்லது ஒருவரிடம் கூலிக்குப் போயிருக்க வேண்டும். மூன்றும் இல்லையா, ‘வேலை செய்யாதோர்’. சிவப்பு மையால் ஒவ்வொரு பெயராக அடித்தார்.

மறுபடி எழுதிக் கொடுத்தேன். மறுபடி அடித்தார். மூன்றாம் முறை நான் தாளை நீட்டியபோது, பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் அப்பா வேலையை விட்டு வீட்டில் இருந்ததும், வீடு என் சம்பளத்தில் ஓடியதும் அவருக்குத் தெரியும். குரலை உயர்த்தவே இல்லை. “அடுத்த மாசம் உங்க நீட்டிப்பு ஃபைல் என் மேஜைக்குத்தான்மா வரும். அவங்களை எந்தக் கட்டத்துல போடறதுன்னு அப்புறம் பாக்கலாம், உங்களை எதுல போடறதுன்னு யோசிச்சுக்குங்க.”

அவர் அடித்த பட்டியல்தான் மேலே போனது. நான் பயந்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் நீல மையும் அவர் சிவப்பு மையும் கலந்த அந்தத் தாள்களைக் கிழித்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்துப் போய் டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்தேன்.

உரக்கப் படித்த கேள்வி

எண்பதுகளில் இறாலுக்கு வெளிநாட்டில் கிராக்கி வந்தது. ஏரியோரம் இறால் உரிக்கும் ஷெட்டுகள் முளைத்தன. ஒரு ஷெட்டில் கணக்கெடுக்கப் போனேன். ஐஸ் தண்ணீரில் கை வைத்து ஐம்பது பெண்கள் உரித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் பக்கத்திலேயே நின்று அவர்களுக்குப் பதிலாக எல்லாவற்றையும் அவரே சொன்னார். “சார், அவங்க பதில் சொல்லட்டும்” என்றேன். “அவங்களுக்குப் பேசத் தெரியாதும்மா” என்றார்.

அதனால் கேள்வியை ஷெட்டுக்கே கேட்கும்படி உரக்கப் படித்தேன்: “ஆண்களுக்கு நாள் கூலி என்ன? பெண்களுக்கு என்ன? வித்தியாசம் இருந்தால் காரணம்?” அவ்வளவுதான், படிவத்தில் இருப்பதைத்தான் படித்தேன். பெட்டி தூக்கும் ஆண்களின் கூலியை மேனேஜர் சொன்னதும் உரித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. அது பெண்களின் கூலிக்கு இரட்டிப்பு என்பது அந்தப் பெண்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. கன்னியம்மா என்றொருத்தி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய் வெயிலில் உட்கார்ந்தாள். பின்னாலேயே ஐம்பது பேரும் போனார்கள்.

ஐஸ் உருகத் தொடங்கியது. லாரி வந்து நின்றது. மேனேஜர் முதலில் மிரட்டினார், பிறகு கெஞ்சினார், பிறகு நாளைக்குப் பேசிக்கொள்ளலாம், கொஞ்சம் பொறுங்கள் என்றார். கன்னியம்மா உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. “நாங்க எவ்ளோ நாளு வேணா பொறுப்போம் சார். உள்ள கீற இறாலைப் பொறுக்கச் சொல்லுங்க.”

சாயங்காலத்துக்குள் கூலி ஏறியது. ஆண்களுக்குச் சமமாக இல்லை, ஆனாலும் ஏறியது. கூடவே, நான் தொழிலாளர்களைத் தூண்டிவிட்டதாக என் ஆபீசுக்கு ஒரு புகார்க் கடிதமும் ஏறிப் போனது.

சார் ஏரியில் இறங்கினார்

அந்த ஐப்பசியில் புயல் அடித்தது. ஏரிக்கரைக் குடிசைகள் ஒன்றும் மிஞ்சவில்லை. மீன்பிடித் தொழிலாளர் குடும்பங்களுக்கு நிவாரணம் என்று அரிசியும், குடிசை போட மூங்கிலும், கொஞ்சம் பணமும் கொடுத்தார்கள். கோவிந்தம்மாளின் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கும் கிடைக்கவில்லை. தாலுகா ஆபீஸ் எங்கள் பட்டியலைத்தான் வாங்கி வைத்திருந்தது. அதில் அவர்கள் வேலை செய்யாதவர்கள்.

இருபது பெண்கள் ஈரப் புடவையோடு நடந்து வந்து தாலுகா ஆபீஸ் படியில் உட்கார்ந்தார்கள். எனக்குச் செய்தி வந்தது. டிரங்குப் பெட்டியைத் திறந்து தாள்களை எடுத்தேன். அம்மா பார்த்தாள். “வேலை போயிடுமாடி?” என்று கேட்டாள். “போகும்” என்றேன். “சாப்பிட்டுட்டுப் போ” என்றாள்.

தாசில்தார் தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நீல மையில் பெயர். அதன்மேல் சிவப்புக் கோடு. வரதன் சாரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் விதியைச் சொன்னார். கோவிந்தம்மாள் குறுக்கே பேசினாள்: “விதி கெடக்கட்டும் சார். ஒரு தபா வந்து பாக்கச் சொல்லுங்க.” நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கும்படி தாசில்தார் அவருக்கே உத்தரவு போட்டார்.

மறுநாள் காலை வரதன் சார் கரையில் நின்று பார்த்து எழுதத்தான் வந்தார். கோவிந்தம்மாள் விடவில்லை. அவர் கையில் ஒரு பறியைக் கொடுத்து, இறங்குங்கள் என்றாள். பேன்ட்டை முழங்காலுக்குமேல் சுருட்டிக்கொண்டு அவர் இறங்கினார். வாடைக்காற்றில் ஏரி ஜில்லென்று இருந்தது. குனிந்து, சேற்றைத் தடவி, தடுமாறி விழுந்து, எழுந்து மறுபடி தடவினார். ஒருமுறை நண்டு விரலைக் கவ்வியதில் அலறினார். இரண்டு பக்கமும் பெண்களின் பறிகள் கனத்துக்கொண்டே போயின. அவர் பறி காலியாகவே இருந்தது. உதடு நீலம் பாய்ந்து அவர் கரையேறியபோது யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி தன் துண்டைக் கொடுத்தாள். அவர் விரலில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, முப்பது குடும்பத்தின் பெயரையும் மீன்பிடிக் கட்டத்தில் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோவிந்தம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

“சார் ஒரு மணி நேரமா ஏரியில இருந்தாரு, ஒண்ணும் புடிக்கல. இவரை அந்தக் கடைசிக் கட்டத்துல எழுதிக்கோ கணக்கம்மா.”

அடிக்குறிப்பு

அரிசியும் மூங்கிலும் பதினைந்து நாளில் வந்தன. எனக்கு நீட்டிப்பு உத்தரவு வரவில்லை. புகார்க் கடிதமும், ஆபீஸ் தாளை வெளியே கொண்டுபோன குற்றமும் சேர்ந்து என் ஃபைலை மூடிவிட்டன. எனக்குச் சாதகமாக வரதன் சார் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அதையும் யாரோ சிவப்பு மையில் அடித்திருப்பார்கள். எட்டு மாதம் டியூஷன் எடுத்தேன். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது.

சில வருடம் கழித்து எங்கள் கணக்கெடுப்பு புத்தகமாக அச்சாகி வந்தது. வரதன் சார் ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பியிருந்தார். கடிதம் எதுவும் இல்லை, ஒரு பக்கத்தை மட்டும் மடித்திருந்தார். மீன்பிடித் தொழிலாளர் அட்டவணைக்குக் கீழே, எறும்பு ஊர்வதுபோல் ஒரு வரி: ‘படகு, வலை இன்றிக் கையால் பிடிப்போரும் இதில் அடங்குவர்.’ அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். கோவிந்தம்மாள் கரையேறும்வரை காத்திருந்து, அந்த வரியை இரண்டு தரம் படித்துக் காட்டினேன். அவள் புத்தகத்தை வாங்கி, எழுத்தின்மேல் ஈர விரலை வைத்து, கண்ணருகே கொண்டுபோய் உற்றுப் பார்த்தாள்.

“இவ்ளோ பொடிசா எழுதிக்கீறாங்களே, இன்னா, கவர்மெண்ட்ல மை தீர்ந்துபோச்சா?”

ஒரு வரி அடிக்குறிப்புக்கு விலை ஒரு வேலை என்றால், நண்பர்களே, அதைப் பெரிய எழுத்தில் போடவைக்கவும் நான் தயார்தான்; பள்ளிக்கூடத்தில் என்னை இன்னும் நிரந்தரம் ஆக்காததால், இழப்பதற்கும் இப்போதைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை.