காயலான் படகுக்கு ஓர் இறக்கம்

அன்றைக்குக் கழுவெளி உப்பங்கழிக் கரையில் இருந்தது நாலு பேர். நான், என் வீட்டுக்காரர், அவருடைய தம்பி, படகுக்காரர். அவ்வளவுதான். பிற்பாடு ஊரில் பேச்சு ஓடினபோது ஆறு பேர், ஏழு பேர் என்று கூட்டிக்கொண்டே போனார்கள். ஆடு ஓட்டிக்கொண்டு போனவர் வரப்பிலிருந்து பார்த்தாராம், அப்படியும் ஒரு கதை. வரப்பில் ஆடும் இல்லை, ஆளும் இல்லை. வெளியே கிளம்பினால் எத்தனை பேர் போனோம், எத்தனை பேர் வந்தோம் என்று எண்ணாமல் எனக்குத் தூக்கம் வராது. நாலு பேர் போனோம். நாலு பேர் திரும்பினோம், ஒருத்தரைத் தூக்கிக்கொண்டு.

கடல் உள்ளே வந்துபோன மறு வருஷத்து மழைக்காலம் அது. உப்பளப் பாத்தி எல்லாம் கடல் கொண்டுவந்த மண்ணால் மூடிப்போய், அதை வாரிக் கொட்டித் திரும்ப மிதிப்பதற்கே பாதி வருஷம் ஓடிவிட்டது. கூலியும் பாதி. சாப்பாட்டுக்காக உப்பளக்காரரிடம் ஐயாயிரம் முன்பணம் வாங்கியிருந்தோம். முன்பணம் தீருகிற வரைக்கும் அவர் பாத்தியில்தான் இறங்க வேண்டும், வேறு வேலைக்குப் போகக் கூடாது. யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரருக்குக் கால் இரண்டும் வெடித்து, குதிகாலில் புண். உப்புத் தண்ணீரில் நிற்கிறவருக்குப் புண் மூடாது. "ஒரு வருஷம் காலை உப்புத் தண்ணியில வைக்காதீங்க, வச்சா அப்புறம் வெட்டி எடுக்கிற மாதிரி ஆயிடும்" என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொல்லிவிட்டார். பாண்டியில் ஒரு டைல்ஸ் குடோனில் ஆள் கேட்டிருந்தார்கள். பொங்கல் வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்றார் குடோன்காரர். ஆக, தை பிறப்பதற்குள் ஐயாயிரத்தை அடைக்க வேண்டும். அடைத்தால் அவர் கால் காய்ந்த தரையில் நிற்கும். இல்லாவிட்டால் திரும்பப் பாத்தியில். அந்த மழைக்காலம் பூராவும் எனக்கு இந்த ஒரு நினைப்புதான்.

மழையில் உப்பு வேலை கிடையாது. ஆனால் கழுவெளி நிறைந்து முகத்துவாரம் உடைத்துக்கொண்டதும், உள்ளே வளர்ந்த இறால் எல்லாம் கடலைப் பார்த்து இறங்கும். பத்து நாள், மிஞ்சினால் பன்னிரண்டு நாள். கரையில் நின்று வலை வீசினால் குழம்புக்குத் தேறும். நடுத் தண்ணீருக்குப் போய் வீசினால்தான் காசு. அதற்குப் படகு வேண்டும்.

மீனவக் குப்பத்துக்கு நிவாரணம் கொடுத்தவர்கள் பெரிய படகுகளோடு மஞ்சள் பிளாஸ்டிக்கில் சின்னப் படகு நாலைந்தும் கொடுத்திருந்தார்கள். இரண்டு பேர் உட்கார்ந்து துடுப்பு போடலாம். கொடுத்தவர்கள் அதை கயாக் என்றார்களாம். ஒரே வாரத்தில் குப்பத்தில் அது காயலான் ஆகிவிட்டது. கடல் அலைக்கு ஆகாது என்று வீட்டோரம் கவிழ்த்துப் போட்டு, மேலே வலை உலர்த்தினார்கள். அப்படிக் கிடந்த ஒன்றின் சொந்தக்காரர் என் கொழுந்தனாருக்குப் பழக்கம். பிடிக்கிறதில் பாதி அவருக்கு என்று பேசி முடித்தார்கள்.

"படகு தர்றேன். ஆனா எங்க துறையில வச்சு இறக்காதீங்க," என்றார் அவர். "அங்க எங்க ஆளுங்களுக்கே முறை போட்டு வச்சிருக்குது. உப்பளத்து ஆளை இறக்கிவிட்டேன்னு என்னை நிக்க வச்சுக் கேப்பாங்க. வேற இடம் பாத்துக்கங்க."

"ஏண்ணே, கழுவெளி எம்மாம் பெருசு. ஒரு காயலானை இறக்க இடமா இல்ல?" என்றார் கொழுந்தனார்.

"தண்ணி பெருசுதான்பா. கரைதான் இல்ல."

அவர் சொன்னது எவ்வளவு நிஜம் என்று இடம் தேடிப் போனபோதுதான் தெரிந்தது. ஆண்கள் இருவரும் உடைந்த வரப்புகளைக் கட்டப் போய்க்கொண்டிருந்ததால் அந்த வேலை என்னிடம் வந்தது. முதலில் பாலத்துக்குக் கீழே போனேன். ரோட்டிலிருந்து நேராக இறங்கலாம், ஓரத்திலேயே ஆழம். ஆனால் பாலத்தில் நின்று குடிக்கிறவர்கள் வீசின பாட்டில் எல்லாம் உடைந்து கிடந்தது. வெடித்த காலோடு அவர் அதில் எப்படி இறங்குவார் என்று திரும்பிவிட்டேன். அடுத்தது மதகு. அங்கே சிமெண்ட் படி உண்டு. ஒரு தென்னை மட்டையைத் தண்ணீரில் போட்டேன். திரும்பிப் பார்ப்பதற்குள் அதைக் காணோம். அவ்வளவு இழுப்பு. அதைத் தாண்டினால் கரை நெடுக வேலிகாத்தான் முள்.

கடைசியாகத்தான் அந்த இடம். எங்கள் உப்பளத்துக் கடைசிப் பாத்திக்குப் பின்னால், வரப்பு முடிகிற இடத்திலிருந்து தண்ணீர் வரைக்கும் வெறும் சேற்றுத் தரை. மேலே, உப்பு மண்ணில் வளர்கிற உமிரிச் செடி பொடிப்பொடியாக முளைத்திருந்தது. குதிகாலை ஊன்றிப் பார்த்தேன். பதியவில்லை. எண்ணிக்கொண்டே நடந்தேன். இருபத்திரண்டு எட்டு. திரும்பி வந்தேன், திரும்பப் போனேன். தாங்கியது.

வேறு யாராவது என்றால் அத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நான் பூட்டின பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவள். ராத்திரி படுத்தால், என்னைத் தாங்கின தரை இரண்டு ஆண்களைத் தாங்குமா, படகு, வலை, நங்கூரக் கல் எல்லாம் சேர்ந்தால் தாங்குமா என்று ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாள் மத்தியானம் போய் அந்த இருபத்திரண்டு எட்டையும் மிதிக்க ஆரம்பித்தேன்.

பாத்தி மிதிப்பதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். களிமண்ணில் தண்ணீர் விட்டு ஊற வைத்து, வடித்துவிட்டு, ஆணும் பெண்ணுமாக வரிசையில் நின்று குதிகாலால் மிதிப்போம். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இடம் விடக் கூடாது. முதல் நாள் காலடியில் தண்ணீர் கசியும். நாலாம் நாள் களி இறுகி, தடம்கூட விழாது. ஆறாங்கிளாஸில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் கற்ற படிப்பு அதுதான். மிதித்தால் இறுகும்.

இரண்டு நாள் மிதித்தேன். காலில் சிக்கும் என்று உமிரியை எல்லாம் வேரோடு பிடுங்கிப் போட்டேன். தண்ணீர் கசிந்தது. கசிந்தால் இறுகப் போகிறது என்று சந்தோஷப்பட்டேன். சாயங்காலம் கையால் மட்டம் பண்ணி விட்டேன். பார்க்கப் பாத்தி மாதிரியே வழவழவென்று இருந்தது.

முகத்துவாரம் உடைத்துக்கொண்ட செய்தி வந்த மறுநாள், நன்றாக விடிந்த பிறகு படகைக் கொண்டுவந்தோம். படகுக்காரர் எங்களோடு வரப்பு வரைக்கும் வந்து, பீடி பற்ற வைக்கப் பின்னால் நின்றுவிட்டார். என் வீட்டுக்காரர் முன்பக்கம் பிடித்தார், கொழுந்தனார் பின்பக்கம்.

"அண்ணி, ரோடே போட்டு வச்சிருக்கீங்க! டோல் கேட் எங்க?"

"உங்க அண்ணன் கிட்ட வாங்கிக்கிறேன், நீங்க தூக்குங்க."

"பேசாம வாடா," என்றார் என் வீட்டுக்காரர். "கல்யாண ஊர்வலத்துல வர்ற மாதிரி வர்றான்."

நான் வரப்பில் நின்று அவர் எட்டு வைப்பதை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவது எட்டில் அவர் இடது கால் தொடை வரைக்கும் உள்ளே போனது. அவர் சத்தம் போடவில்லை. படகு நின்றதும் பின்னால் இருந்தவர், "இன்னாண்ணே, தூங்கிட்டியா?" என்று சிரித்துக்கொண்டே ஒரு தள்ளு தள்ளினார்.

படகும் கல்லும் வலையும் அவர் மேல் போய் உட்கார்ந்தன. கால் சேற்றுக்குள் நட்டுக்கொண்டிருக்க, உடம்பு மட்டும் மல்லாந்தது. முட்டி மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. பச்சை மட்டையை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

"தள்ளாதடா! டேய், தள்ளாத!" என்று கத்திக்கொண்டு படகுக்காரர் ஓடினார். நான் மிதித்த பாதையில் ஓடவில்லை. அதற்குப் பக்கத்தில், உமிரி மேலேயே ஓடினார். அவர் கால் கணுக்கால் வரைக்கும்கூட இறங்கவில்லை. அங்கேயே நின்று, படகைப் புரட்டிவிட்டு, என் வீட்டுக்காரரை இரண்டு கக்கத்திலும் பிடித்து இழுத்தார். கொழுந்தனார் இடுப்பளவு சேற்றில் நின்று காலைத் தோண்டி எடுத்தார். நான் வரப்பை விட்டு நகரவில்லை. எப்படி நகராமல் இருந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

வரப்பில் கொண்டுவந்து கிடத்தின பிறகு படகுக்காரர் அந்தப் பாதையைப் பார்த்தார்.

"இதை யாரு மிதிச்சது? இந்தச் சேத்துக்கு மேல ஒரு தோல் இருக்குது. உமிரி வேர்தான் அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. கிழிச்சிட்டா அடியில கூழு. ஒரு தடவை போகலாம், வரலாம். மிதிக்கலாமா?"

"தெரியலண்ணே," என்றேன். "மாடு போயிருக்கும்."

கொழுந்தனார் என்னை நிமிர்ந்து பார்த்தார். ரோடு போட்டிருக்கீங்க என்று சொல்லிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, "மாடாத்தான் இருக்கும்ணே," என்றார்.

கண்ணை மூடிப் படுத்திருந்த என் வீட்டுக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு, "மாடுதான்," என்றார்.

படகுக்காரர் குனிந்து பாதையின் ஓரத்தைப் பார்த்தார். "உங்க ஊரு மாட்டுக்குக் குதிகால் இருக்குது போல," என்று சொல்லிவிட்டு, ஆட்டோ கூப்பிடப் போனார். அதற்கு மேல் அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். மறுநாள் கொழுந்தனாரும் படகுக்காரரும் அதே இடத்துக்குப் போய், என் பாதைக்குப் பத்தடி தள்ளி, உமிரி மேல் ஒரே நடையாக நடந்து படகை இறக்கினார்கள். மிச்சமிருந்த நாள் முழுக்க அங்கேதான் இறக்கினார்கள். நல்ல இறால். நான் தேர்ந்தெடுத்த இடம் சரியான இடம்தான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எங்களுக்கு வந்த பங்கு ஆட்டோவுக்கும் ஊசிக்கும் எக்ஸ்ரேவுக்கும் போய்விட்டது. குடோனில் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள்.

மாவுக்கட்டைப் பிரித்தபோது குதிகால் புண் சுத்தமாக மூடியிருந்தது. இரண்டு மாதம் உப்புத் தண்ணீர் படவில்லையே. டாக்டரம்மா அதைத் தடவிப் பார்த்து, "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?" என்றார். முட்டி மட்டும் மடங்கவில்லை. இன்றைக்கும் மடங்காது. கட்டு வைத்தியருக்கு என்று உப்பளக்காரரிடம் இன்னும் ஓர் ஆயிரம் வாங்கினோம்.

தையில் உப்பளக்காரரின் கணக்குப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். நீட்டின காலோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா, ரெண்டு ஆளு முன்பணம், ஒரு ஆளுதான் இருக்குது?"

"அவரு மிதிக்கிறதையும் நானே மிதிக்கிறேங்க," என்றேன்.

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டே, "மாட்டைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலியே," என்றார். அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அந்த வருஷம் இரண்டு ஆள் பாத்தியை ஒருத்தியாக மிதித்தேன். விடியும்போது என் பங்கு, வெயில் சாய்ந்த பிறகு அவர் பங்கு. நாலாம் நாள் களி இறுகி, குதிகால் தடம் விழாமல் நின்றது. என் குதிகாலிலும் வெடிப்பு வந்தது. அடுத்த மழை இறங்கி வேலை நின்ற அன்றைக்குக் கணக்குப்பிள்ளை ஆறாயிரத்தில் கூலியைக் கழித்தது போகச் சொன்ன பாக்கி, மூவாயிரத்து அறுநூறு ரூபாய்.