ஐஸ் கரைந்த செண்டோல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளிப் பலகாரம் டப்பாவில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்குவதற்காக நானும் என் கணவரும் மலேசியாவின் குளுவாங்கிலிருந்து பக்கத்து ஊரான ரெங்கத்துக்குப் போயிருந்தோம்.

நாற்பத்து மூன்று வயதில் உனக்கு எதற்கு மோட்டார் என்று எங்கள் தாமான் குடியிருப்பில் கேட்காத ஆளில்லை. கல்யாணமானதிலிருந்து வீட்டோடு இருந்தவள் நான். பிள்ளைகள் இருவரும் படிக்க வெளியூர் போன பிறகு, டவுனில் ஒரு பல் கிளினிக்கில் எனக்கு வேலை கிடைத்தது. அடுத்த மாதத் தொடக்கத்தில் சேர வேண்டும். பஸ்ஸை நம்பி அந்த வேலைக்குப் போக முடியாது. கணவர் சிங்கப்பூரில் வாரம் முழுக்கத் தங்கி வேலை செய்துவிட்டு சனிக்கிழமை இரவுதான் வீட்டுக்கு வருவார். காரும் அவரோடு எல்லையிலுள்ள ஜொகூர் பாரு வரை போய்விடும். அதனால் அவருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் பயிற்சிப் பள்ளிக்குப் போய் லைசன் எடுத்துவிட்டேன். லைசனைக் காட்டியபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

மோட்டாரை விற்ற பெண்ணுக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவாக இருக்கும். பாலர் பள்ளி ஆசிரியை, ஏழு மாதக் கர்ப்பிணி, மருத்துவ விடுப்பில் வீட்டில் இருந்தாள். ஜொகூர் மாநிலத்தில் அப்போது வெள்ளியும் சனியும்தான் விடுமுறை என்பதால் அவள் கணவர் அன்று வேலைக்குப் போயிருந்தார். "வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு ஓட்டக் கூடாதுன்னு சாவிய ஒளிச்சி வச்சிட்டாரு அக்கா. விக்கணும்னுதான் இன்னிக்கு எடுத்துக் குடுத்தாரு. இப்ப சின்னதா ஒரு காரும் வாங்கிட்டோம்," என்று சொல்லிக்கொண்டே வண்டியின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்தாள். கிளட்ச் இல்லாத சின்ன வண்டி. கப்சாய் என்போமே, அதுதான். நீல நிறம். முகம் பார்க்கலாம் போலத் துடைத்து வைத்திருந்தாள். பார்த்தவுடன் எனக்குப் பிடித்துப்போனது.

என் கணவர் டயரை இரண்டு தட்டு தட்டினார். குனிந்து சைலன்சரைப் பார்த்தார். 'ம்ம்' என்றார். மோட்டாரைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். விலையில் பெரிய இழுபறி எதுவும் இல்லை. ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னாள்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். புது வண்டியோ பழைய வண்டியோ, நம் கைக்கு வருகிறபோது எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றித்தான் நகர்த்த வேண்டும் என்பது என் கட்சி. அதெல்லாம் வாங்கிய பிறகு குளுவாங் கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்றார் கணவர். நான் கேட்கவில்லை. கைப்பையில் இரண்டு பழம் தயாராக வைத்திருந்தேன். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே உள்ளே போய் சூடம் எடுத்து வந்தாள். சக்கரத்துக்கு ஒன்றாகப் பழத்தை வைத்து, சூடம் காட்டி, சாமி கும்பிட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

பயிற்சிப் பள்ளியில் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் இருந்தால் என்ன செய்வது என்று மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. லேசாக முறுக்கினேன். வண்டி பழத்தில் முட்டிக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். அசையவில்லை. ஒரு எலுமிச்சம்பழத்திடமா தோற்பது என்று ரோஷம் வந்து ஒரே முறுக்காக முறுக்கினேன். பழங்கள் ஆளுக்கொரு பக்கம் தெறித்து ஓட, வண்டியும் நானும் வாசலைத் தாண்டி வேலியோரம் சமையலுக்கு வளர்த்த வாசனைப் புல்லான செரைப் புதருக்குள் போய்ச் சாய்ந்தோம். எனக்கு ஒரு கீறல் இல்லை. வண்டிக்கும் இல்லை. எலுமிச்சம்பழங்களுக்கும் இல்லை.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். என் கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் கணவர் வண்டியை நிமிர்த்தியதும் சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்க அக்கா. இத நான் உங்களுக்கு விக்க முடியாது."

எனக்கு முகம் எரிந்தது. வாங்குகிறவர் வேண்டாம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன், விற்கிறவர் சொல்லிக் கேட்டதில்லை. கணவர் என் தலையில் ஒட்டியிருந்த செரைத் தாளைத் தட்டிவிட்டு, அதுவும் நல்லதுக்குத்தான், கிளினிக்கில் வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிடலாம் என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதி, விழுந்ததைவிட அதிகமாக வலித்தது. "எனக்கு அந்த வேலை வேணும்," என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

என்ன வேலை என்று அவள் கேட்டாள். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கிளினிக்குக்குப் போடும் சட்டையைத் தைக்கக் கொடுத்ததுகூடச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காச வாங்கிக்கிட்டு உங்கள இப்படியே ரோட்டுல விட்டுட்டு நான் எப்படிக்கா தூங்குவேன்? வாங்க, பின்னாடி திடல் இருக்கு. ஓட்டுங்க, நான் பாக்குறேன்."

அன்று மத்தியானத்திலிருந்து நான் அந்தத் திடலைச் சுற்றினேன். என் கணவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து மரத்தடியில் போட்டார். அதில் அவள் உட்கார்ந்துகொண்டு, சக்கரத்தைப் பார்க்காதீர்கள், தூரத்தில் பாருங்கள், இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள் என்று பாலர் பள்ளிக் குரலில் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தாள். நான் ஒழுங்காகத் திரும்பினால் கை தட்டுவாள். ஆடினால் எழுந்து நின்றுவிடுவாள். என் கணவர் பதறிப்போய் அவளை உட்கார வைப்பார். என்னைவிட அவளுக்காகத்தான் அவர் அன்று அதிகம் பயந்தார்.

சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது அவளுக்கு ஒரு போன் வந்தது. பழைய மோட்டார் வாங்கி விற்கும் கடைக்காரர் போலிருக்கிறது. இப்போதே வந்து எடுத்துக்கொள்வதாகவும் கூடுதலாகத் தருவதாகவும் அவர் கத்திப் பேசியது எங்களுக்கே கேட்டது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே, "வித்தாச்சி லா," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அடுத்த ஞாயிறு வரச் சொன்னாள். கார் ரெங்கத்தைத் தாண்டியதும் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அந்தப் பொண்ணு மோட்டார விக்கிதா, மாப்பிள்ள பாக்குதா?" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம்.

மறு ஞாயிறு நான் போட்ட வட்டங்களில் அவளுக்குக் குறை சொல்ல அதிகம் இல்லை. வெயில் ஏறியதும் கையால் விசிறிக்கொண்டே, தனக்கு ஐஸும் தேங்காய்ப் பாலும் போட்ட செண்டோல் சாப்பிட ஆசையாக இருக்கிறது, டவுனில் கடை இருக்கிறது, போய்க் கட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். டவுன் என்றால் பெரிய சாலை. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் போகிற சாலை. கணவர் பின்னாலேயே வருவதற்காகக் கார் சாவியை எடுத்தார்.

"அண்ணே, நீங்க உக்காருங்க," என்றாள். அவரும் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

தனியாகச் சாலையில் ஏறியது அதுதான் முதல் தடவை. ஒரு லாரி கடந்து போனபோது அடித்த காற்றில் வண்டியோடு சேர்ந்து என் உயிரும் ஆடியது. தூரத்தில் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். கடைக்காரர் செண்டோலைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஓரத்தில் கயிறு கட்டி, ஸ்ட்ராவும் செருகிக் கொடுத்தார். அதை வண்டியின் முன்பக்கக் கொக்கியில் மாட்டிக்கொண்டு திரும்பினேன். ஒரு சைக்கிள் என்னை முந்திக்கொண்டு போனது. திடலுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் எதிரே வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. பின்னால் ஹாரன் அடித்தார்கள். சாலை எனக்குக் காலியாகத் தெரிகிற வரை நான் அசையவே இல்லை. பை ஆடாமல் என் முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. இருவரும் சாலையோரம் வந்து நின்றிருந்தார்கள். என் கணவருடைய சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. அவள் பையை வாங்கித் தூக்கிப் பார்த்தாள்.

"அலமாக், ஒரு துண்டு ஐஸ்கூட இல்லியே அக்கா."

எனக்கு அவமானமாகிவிட்டது. வேறு வாங்கி வருகிறேன் என்றேன். அவள் ஸ்ட்ராவை வாயில் வைத்து, வெதுவெதுப்பாகிவிட்ட அந்தச் செண்டோலைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பைக்குள் கையை விட்டாள்.

"ஐஸோட வந்திருந்தீங்கன்னா குடுத்திருக்க மாட்டேன்," என்று சொல்லி, சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். நடுவில் அவள் வயிறு இடித்தது. அழுதுகொண்டே இருவரும் சிரித்தோம்.

அந்த வாரமே பெயர் மாற்றும் வேலைகளை முடித்தோம். வண்டியை எடுக்கப் போன அன்று எலுமிச்சம்பழத்தை அவளே வாங்கி, அவளே குனிய முடியாமல் குனிந்து வைத்தாள். மெதுவாக ஏற்றினேன். இரண்டும் நசுங்கின. வண்டி வாசலைத் தாண்டும் முன் அவள் சீட்டை ஒருமுறை தடவிவிட்டாள். தன் வண்டியை அவ்வளவு பிரியமாக வைத்திருந்தவள், முன்பின் தெரியாத என்னை அதைவிடப் பெரிதாக நினைத்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கிளினிக் வேலையில் இன்றும் இருக்கிறேன். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போகும்போதெல்லாம் வழியில் செண்டோல் வாங்கிக்கொண்டுதான் போகிறேன். இப்போது ஐஸ் முழுதாகக் கரைவதில்லை. அவளும் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு முறை முறைத்த பிறகுதான் குடிப்பாள். ஆனாலும் ஒவ்வொரு நாளும் ஹெல்மட்டை மாட்டும்போது, ஒரு பெண் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, நான் திரும்புகிற வரை சாலையோரம் நிற்பதாகவே நினைத்துக்கொள்கிறேன். அந்த நினைப்புத்தான் என்னைத் தினமும் பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து சேர்க்கிறது.