மல்லிகைக்கு மட்டை போட்ட கோடை

கமலாத்தாளுக்கு வலது தோளில் வலி கண்டது எழுபத்தாறாம் வருஷம் பங்குனியில். விழுந்ததும் இல்லை, அடிபட்டதும் இல்லை. கல்யாணமாகிப் பெருமாட்டி கிராமத்துக்கு வந்த நாளிலிருந்து கிணற்றில் தண்ணீர் சேந்திய தோள் அது. இனி முடியாது என்று ஒருநாள் சொல்லிவிட்டது. தைலம் தேய்த்துப் பார்த்தாள். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாள். கயிற்றைப் பிடித்ததும் வலி பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டுச் செலவுக்கு நாலு குடம் போதும். மற்றதெல்லாம் செடிகளுக்கு. அவள் கொல்லங்கோட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தபோது அந்தப் புழக்கடையில் (பொடக்காணி என்பார்கள் அங்கே) ஒரு குப்பைக்குழியும் துவைக்கிற கல்லும்தான் இருந்தன. முதல் பிள்ளை பிறந்து தங்காமல் போன வருஷம், வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல் வெளியே வந்து ஒரு செவ்வரளிக் குச்சியை நட்டாள். அது பிழைத்துக்கொண்டது. பிறகு மல்லிகை இரண்டு வரிசை, நந்தியாவட்டை, செம்பருத்தி, வேலியோரம் சங்குப்பூ, கல்லின் நிழலில் கனகாம்பரம் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

சித்திரை கடைசியில் பெருமாட்டியைப் பார்க்க வேண்டும். வரப்பெல்லாம் கருகி, தென்னை குரும்பையை உதிர்த்துவிட்டு நிற்கும். அந்த நேரத்தில் பச்சையாக இருப்பது கமலாத்தாளின் புழக்கடை ஒன்றுதான். அதனால் உயிருள்ளதெல்லாம் அங்கே வந்துவிடும். துவைக்கிற கல்லின் குழியில் தேங்கிய தண்ணீருக்கு அணில்கள் சண்டை போடும். தேன்சிட்டு செம்பருத்திக்குள் தலையை விட்டுக்கொண்டு தொங்கும். கொண்டைக்குருவி மல்லிகைப் புதரில் முட்டை வைக்கும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக இறங்கிச் சருகைக் கிளறும். கல்லுக்கு அடியில் தேரைகள் அடைந்து கிடக்கும். அவளுக்கு இதுகளின்மேல் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது. பூவுக்கு ஊற்றிய தண்ணீரில் அதுகளும் பிழைத்தன, அவ்வளவுதான்.

"உன்ர பூவுக்கு ஊத்தற தண்ணிய என்ர தென்னைக்கு ஊத்தியிருந்தா இந்நேரம் காய் வெட்டியிருக்கலாம்" என்பார் அவள் புருஷன் சின்னையன்.

"உங்க தென்னை என்னிக்காச்சும் எங்கிட்ட வந்து தண்ணி கேட்டுதுங்களா?" என்பாள் அவள். வருஷா வருஷம் நடக்கிற பேச்சு.

ஆனால் அந்த வருஷம் தென்னையிடமே அவள் யோசனை கேட்க வேண்டியதாயிற்று. கோடையில் தென்னைமரத்தைச் சுற்றிக் குழி வெட்டி, உரித்த தேங்காய் மட்டைகளை அடுக்கிவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். ஒரு தடவை நனைத்தால் மட்டை நாலைந்து நாளைக்கு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். தோப்புக்குச் செய்வதை யாரும் பூச்செடிக்குச் செய்ததில்லை. கமலாத்தாள் செய்தாள். ஒரு வண்டி மட்டை கொண்டுவரச் சொல்லி, மல்லிகை வரிசை நெடுகிலும் அரளியின் அடியிலும் முழங்கால் உயரத்துக்கு அடுக்கினாள். தினம் சேந்தியது போய், நாலு நாளைக்கு ஒருமுறை சேந்தினால் போதும் என்றாயிற்று. இத்தனை நாளாக இது தோன்றவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

கல்லுக்கு அடியில் கிடந்த தேரைகள் மட்டைக்குள் குடிபோயின. பிறகு எலிகள் வந்தன. மட்டைக்குள் ராத்திரியில் கரகரவென்று சத்தம் கேட்டது. அவள் கண்டுகொள்ளவில்லை.

வைகாசி பிறந்ததும் மகள் மயிலாத்தாளுக்குக் கட்டுச்சோறு கட்டி, தலைப்பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு வந்தார்கள். வயிறு கனத்து, கால் வீங்கி, நாளெல்லாம் பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் பெண். சாயங்காலம் ஆனால் மட்டும் அவளுக்கு முகம் தெளியும். புழக்கடைக்குப் போய்த் தானே மொட்டுப் பறிப்பாள். குனிய முடியாதென்பதால் மட்டைமேல் ஒரு காலை ஊன்றி, புதருக்குள் கையை விட்டுத் துழாவித் துழாவிப் பறிப்பாள். பறித்ததை மடியில் போட்டுக்கொண்டு வந்து கட்டுவாள். கமலாத்தாள் தடுக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு நாலடி நடப்பது நல்லதுதானே.

ஒருநாள் காலையில் தவிட்டுக்குருவிகள் ஊரைக் கூட்டின. இருந்த குருவியெல்லாம் மல்லிகைக்குமேல் கிளைகளில் உட்கார்ந்து, கீழே பார்த்துக் கத்தின. பூனையாக இருக்கும் என்று கமலாத்தாள் விளக்குமாற்றோடு போனாள். கொல்லன் பட்டறைத் துருத்தியை அமுக்கியதுபோல் புஸ்ஸென்று நீளமாக ஒரு மூச்சு கேட்டது. அப்படியே நின்றாள். இரண்டு மட்டைகளுக்கு நடுவில் கைப்பருமனுக்குச் சுருண்டு கிடந்தது. முதுகு நெடுகச் சங்கிலி கோத்ததுபோல் வட்டம் வட்டமாகப் புள்ளி. கண்ணாடி விரியன்.

பின்பக்கமாகவே அடி வைத்து நகர்ந்து வந்து துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துவிட்டாள். மகள் நேற்றுச் சாயங்காலம் கால் ஊன்றியது அந்த மட்டைமேல்தான். கை விட்டதும் அதே புதரில்தான். அங்கிருந்தபடியே புருஷனைக் கூப்பிட்டாள்.

சின்னையன் தடியை எடுத்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் அவரே நின்றுவிட்டார். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் பாம்பை அடிக்கக் கூடாது. அடித்தால் பிறக்கிற பிள்ளைக்கு ஆகாது என்பது அவர்களுக்குள் தலைமுறை தலைமுறையாக இருக்கிற பயம். பக்கத்துத் தோட்டத்துக் குப்பண்ணனைக் கூப்பிட்டார்கள். அவன் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டான்.

"நீ வந்து அடிச்சுப் போட்டுப் போ குப்பண்ணா. நீ வெளியாள்தான?" என்றார் சின்னையன்.

"நல்லாச் சொன்னீங்க மாமா. கை என்ரதா இருந்தாலும் பொடக்காணி உங்களுதுங்க. நாளைக்குக் குழந்தைக்கு ஒண்ணுன்னா அக்கா என்ர மூஞ்சியப் பாப்பாங்களா?"

"அப்ப மட்டைய எடுத்து அக்கட்டால வீசிரலாமா?"

"ஆரு கைய உட்டு எடுக்கறது? நீங்களா? ஒரு மட்டைய இழுத்தீங்கன்னா அது இன்னொண்ணுக்குள்ள போயிரும். இப்பவாச்சும் எங்கிருக்குதுன்னு தெரியுது."

"தீய வெச்சா?"

"அது மட்டும் கொல்றதில்லீங்களா?"

மகளைப் புருஷன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பவும் வழியில்லை. கட்டுச்சோறு கட்டிக் கொண்டுவந்த பெண்ணைப் பிள்ளை பெறாமல் அனுப்பினால் ஊர் என்ன பேசும்! குப்பண்ணன் தலையைச் சொறிந்தான். பிறகு கமலாத்தாளைப் பார்க்காமல் சொன்னான்.

"தண்ணிய நிறுத்திப் போடுங்கக்கா. குளிர்ச்சி இருக்கற வரைக்கும் அது அங்கதான் கெடக்கும். மட்டை காஞ்சுதுன்னா தேரை போயிரும், எலி போயிரும். பொறகு அதுக்கு அங்கென்ன வேலை?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கோடையின் கடைசியில் மல்லிகைக்குத் தண்ணீரை நிறுத்துவது என்றால் என்ன என்று அவளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. மழை இன்னும் எட்டவில்லை. மேற்கே மேகம்கூட இல்லை.

"நிறுத்திப் போடறேன்" என்றாள்.

புழக்கடைக் கதவுக்குக் குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டினார்கள். மறுநாள் விடிவதற்கு முன்னால் வழக்கம்போல் விழிப்பு வந்தது. எழுந்து உட்கார்ந்தாள். செய்ய ஒன்றுமில்லை என்று நினைவுக்கு வந்ததும் மறுபடி படுத்தாள். வெயில் ஏறும்வரை தூங்கினாள். அப்படித் தூங்கியது எந்த வருஷம் என்று அவளுக்கே ஞாபகமில்லை. எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. அந்த லேசு அவளுக்குச் சங்கடமாகவும் இருந்தது.

தண்ணீர் நின்ற நாலைந்து நாளில் மல்லிகை வெறி பிடித்ததுபோல் பூத்தது. பறிக்க ஆளில்லை. மொட்டு செடியிலேயே வெடித்து, பழுப்பேறி, மட்டைமேல் உதிர்ந்தது. பிறகு இலை சுருண்டது. கனகாம்பரம் ஒரே நாளில் தலை சாய்த்தது. அணில்கள் கல்லின் குழிக்கு வந்து வறண்ட பாசியை நக்கிப் பார்த்துவிட்டுப் போயின. கொண்டைக்குருவி எப்போது போயிற்று என்று யாரும் பார்க்கவில்லை. அரளி மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் பூத்துக்கொண்டிருந்தது. தேன்சிட்டு அரளியோடு தங்கிவிட்டது.

மயிலாத்தாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தபடி இருந்தாள். ஒரு மத்தியானம் அவளால் பொறுக்க முடியவில்லை.

"அந்த ஓரத்துச் செடிக்காச்சும் ஒரு கொடம் ஊத்தும்மா. பாக்க முடியல."

"வேண்டாம் அம்மிணி. உள்ள வந்து படு."

"எனக்காவத்தான எல்லாத்தையும் காய உடறே? எத்தன வருஷத்துச் செடி! நான் வராம இருந்திருந்தா இதுக ஒண்ணும் சாவாது."

பெண் அழத் தொடங்கினாள். கமலாத்தாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆமாம், உனக்காகத்தான் என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். ஊரும் அதைத்தான் சொல்கிறது. பெற்றவள் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று வந்தவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"உனக்காவ மட்டுமில்ல கண்ணு. எனக்கும் முடியல. பாம்பு வந்துச்சு, நிறுத்தினேன். அது வராம இருந்திருந்தா செத்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன். ஆனா இப்ப காலைல எந்திரிச்சா அப்பாடான்னு இருக்குது. அதுக்கு நீ அழுவாதே."

மயிலாத்தாள் அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அப்படி ஒரு வார்த்தையை அம்மா வாயிலிருந்து அவள் கேட்டதேயில்லை. கமலாத்தாள் மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் வேலிக்கு அந்தப் பக்கம் குப்பண்ணனின் குரல் கேட்டது.

"அக்கா! உங்கூட்டு ஒறம்பரை எங்கூட்டுக்கு வந்திருச்சுங்க!"

எருமைக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டியின் ஈரத்தில் அந்த விருந்தாளிப் பாம்பு படுத்திருந்ததாம். அவன் அடித்துவிட்டான். குச்சியில் தூக்கிக்கொண்டு வந்து காட்டினான். அதே பருமன். தலைக்குப் பின்னால் அதே சங்கிலிப் புள்ளி.

"உங்கூட்டுல மட்டும் பாவமில்லியா?" என்றார் சின்னையன்.

"எங்கூட்டுல செனையா இருக்கறது எருமை ஒண்ணுதானுங்க மாமா. அதுக்குச் சாத்திரம் பாத்தா நான் எங்க போறது?"

சின்னையன் அப்போதும் நம்பவில்லை. நீளத் தொரட்டியால் ஒவ்வொரு மட்டையாக இழுத்துப் போட்டுப் பார்த்தார். எலி வளையும், காய்ந்து தோலாகிப்போன தேரை ஒன்றும்தான் இருந்தன. கதவுக்குக் குறுக்கே கட்டிய மூங்கிலை அவிழ்த்தார்கள்.

"இனி ஊத்தலாம்மா" என்றாள் மயிலாத்தாள்.

ஊற்றியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு ராத்திரியே பெண்ணுக்கு இடுப்பு வலி கண்டது. பக்கத்திலிருந்த சித்தூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்கள். பெண் குழந்தை, குறையொன்றுமில்லை. வீட்டுக்கு வந்த பிறகு தாய்க்கும் பிள்ளைக்கும் குளிக்க வெந்நீர், துணி அலச, வந்து போகிறவர்களுக்குச் சமைக்க என்று சேந்திய தண்ணீரெல்லாம் உள்ளேயே போயிற்று. கிணற்றிலும் அடிமட்டத்துக்குத்தான் இருந்தது. மல்லிகை வரிசைப் பக்கம் ஒரு குடமும் திரும்பவில்லை.

தொட்டில் போடுகிற நாள் வந்தது. மாப்பிள்ளை நஞ்சப்பன் வீட்டார் வருகிறார்கள். தாய்க்குத் தலையில் பூ வைக்க வேண்டும், வருகிற பெண்களுக்குக் கொடுக்க வேண்டும், தொட்டிலுக்கும் வேண்டும். அரளியை யார் தலையில் வைப்பது? சின்னையன் சட்டையை மாட்டிக்கொண்டு கொல்லங்கோட்டுக்குக் கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"மல்லிகை எத்தன மொழம் வாங்கறது?"

கமலாத்தாள் யோசித்தாள். இருபது பேருக்கு எத்தனை முழம் ஆகும்? படி அளந்து பறித்துக் கொட்டித்தான் அவளுக்குப் பழக்கம்.

"எனக்கென்னங்க தெரியும்? நான் என்னிக்குப் பூ வாங்கினேன்? விக்கறவங்களக் கேளுங்க, அவங்க சொல்லுவாங்க."

"வாடாததாப் பாத்து வாங்கோணுமில்ல?"

"கெடைக்கறத வாங்கியாங்க."

அவர் படியிறங்கிப் போனார். உள்ளே குழந்தை சிணுங்கியது. வெந்நீர் காய்ந்துவிட்டதா என்று பார்க்க அவள் அடுப்படிக்குப் போனாள்.