சைக்கிளில் வந்தவர் சொன்ன சேதி

டீசல் நெடி, ஈரச் சாக்கின் வாடை, இரண்டுக்கும் மேலாக அம்மாவின் மருந்துப் பையிலிருந்து கசிந்த ஸ்பிரிட்டின் மணம். கதை என்ற சொல்லைக் கேட்டால் மற்றவர்களுக்கு என்ன நினைவுக்கு வருமோ தெரியாது, எனக்கு மிளகு மூட்டை ஏற்றுகிற ஒரு ஜீப்பின் பின்பக்கம்தான் நினைவுக்கு வருகிறது.

அப்பா இறந்த மறுவருடம் அம்மாவுக்குக் கொல்லிமலைக்கு மாற்றலானது. மணப்பாறையை விட்டு நாங்கள் இருவரும் மலையேறி, பெரக்கரை நாடு என்கிற மலைக்கிராமத்தில் துணை சுகாதார நிலையத்தை ஒட்டிய ஒற்றை அறையில் குடியேறினோம். ஊரார் அம்மாவை "நர்சம்மா" என்றார்கள். என்னை "நர்சம்மா ஊட்டுக் கண்ணு" என்றார்கள். அம்மா பேச்சில் சிக்கனம். அப்பாவைப் பற்றியோ பேசவே மாட்டாள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவர் ஒரு மழைநாளில் சரக்கேற்றிப் போனவர் திரும்பவில்லை என்ற பேச்சை நான் எடுத்தாலே எழுந்து அடுப்பின் பக்கம் போய்விடுவாள். பள்ளிக்கூடத்தில் நடந்ததை நான் கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும், "கதை விடாதடி" என்று வெட்டிவிடுவாள். அவளுக்குக் கதை என்றால் பொய், அவ்வளவுதான்.

ஐப்பசி அடைமழையில் ஒரு மதியம் பாப்பாயிக்கு வலி கண்டது. மரவள்ளிக் காட்டோரம் குடியிருந்தவள். முதல் பிள்ளை பிறந்து தங்கவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்த அம்மாவின் முகம் மாறியது. குழந்தை குறுக்கே கிடந்தது. கீழே பெரியாஸ்பத்திரிக்குப் போனால்தான் உண்டு. பாப்பாயியின் புருஷன் ஓடிப்போய் மிளகு மூட்டை ஏற்றுகிற ஜீப்பைப் பிடித்துவந்து டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டான். என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் பின்னால் அம்மாவோடும் பாப்பாயியோடும் நானும் ஏறினேன்.

பாதி மலை இறங்கியதும் ஒரு வளைவில் மரம் விழுந்து ரோட்டை அடைத்துக் கிடந்தது. ஆண்கள் இருவரும் அரிவாளோடு இறங்கிக் கிளைகளை வெட்ட ஆரம்பித்தார்கள். பாப்பாயிக்குப் பயத்தில் மூச்சு முட்டியது, முக்கத் தொடங்கினாள்.

"முக்காத பாப்பாயி, வாயால மூச்சு விடு. பிள்ளைக்கு ஆகாது."

"முடியலீங்க நர்சம்மா. நான் பொழைக்க மாட்டேன். ஏதாச்சும் பேசுங்க, எதையாச்சும் சொல்லிட்டே இருங்க."

பேசத் தெரியாத அம்மா விழித்தாள். பிறகு, "ஒரு ஊர்ல ஒரு பொம்பள இருந்தா" என்றாள்.

"எந்த ஊருங்க?"

"மணப்பாறை."

"அவ என்ன பண்ணுனா?"

"புருஷனுக்காகக் காத்துக்கிட்டிருந்தா. லாரி டிரைவரு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துடறேன்னு சொல்லிட்டுப் போயிருந்தாரு. அவருக்குப் பிடிக்குமேன்னு மொச்சைக் குழம்பு வச்சிருந்தா."

அந்தக் குழம்பு எனக்குத் தெரியும். வாசல் நனையாமல் அம்மா குறுக்கே போட்ட சாக்கும், பொழுது சாய்கிற நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, உள்ளே வராமல் மழையிலேயே நின்ற ஆளும் அடுத்தடுத்துக் கதைக்குள் வந்தார்கள். ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல் சொல்லிக்கொண்டே வந்த அம்மா அந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

வலி மீண்டும் ஏறியது. பாப்பாயி அம்மாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "சொல்லுங்க. அந்த ஆளு எதுக்குங்க வந்தான்?"

வெளியே அரிவாள் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

"லாரி வழியில நின்னுபோச்சு, விடிஞ்சதும் வந்துடுவாருன்னு சேதி சொல்லத்தான் வந்தான்."

"இல்லம்மா" என்று நான் வாயெடுத்தேன். அம்மாவின் இன்னொரு கை என் முழங்கால் மேல் விழுந்து அழுத்தியது.

பாப்பாயி நீளமாக மூச்சு விட்டாள். "அப்புறம் வந்தாருங்களா?"

"வந்தாரு. விடிகாலையில, சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்தாரு. குழம்பைச் சுட வைக்கிறேன்னா. வேணாம், அப்படியே ஊத்து, பழசுதான் ருசின்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு."

அது அப்பா எப்போதும் சொல்கிற வார்த்தை, அப்படியே. மரம் ஒதுங்கி ஜீப் கிளம்பியும் பாப்பாயி விடவில்லை. எத்தனை களி உருண்டை சாப்பிட்டார், பிள்ளையை எழுப்பினாரா, என்ன வாங்கிவந்தார் என்று ஒவ்வொரு வளைவிலும் கேட்டாள். அம்மாவும் ஒவ்வொன்றுக்கும் பதில் தேடி, அந்த நாளுக்கு அப்பால் அப்பாவை நடக்கவிட்டுக்கொண்டே வந்தாள். பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.

குழந்தைக்குத் தடுப்பூசி போடப் பாப்பாயி வந்தபோதுதான் நான் எதிர்பாராதது நடந்தது. அம்மா தயங்கித் தயங்கி, "அன்னைக்குச் சொன்னேனே, அது..." என்று தொடங்கினாள்.

"தெரியுமுங்க" என்றாள் பாப்பாயி. "உங்க ஊட்டுக்காரரு சங்கதி இந்த ஊருக்கே தெரியும். மணப்பாறைன்னதுமே எனக்குப் புரிஞ்சுபோச்சுங்க. புரிஞ்சுதான் கேட்டேன். அவரு ஊடு வந்து சேர்ந்துட்டா நானும் ஊடு வந்து சேர்ந்துருவேன்னு ஒரு நெனப்பு."

அம்மா குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஊசி போட்ட பிறகும் வெகுநேரம் திருப்பித் தராமல் இருந்தாள்.

இப்போது நானும் கதை எழுதுகிறேன். எழுத வருகிற பிள்ளைகள் கதைக்கரு, பாத்திரம், திருப்பம் என்றெல்லாம் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஊர் நிஜமாக இருக்கட்டும், குழம்பு நிஜமாக இருக்கட்டும், காத்திருக்கிறவளின் பயமும் நிஜமாக இருக்கட்டும் என்கிறேன். அதன்பின் ஒன்றே ஒன்றை மாற்ற உங்களுக்கு உரிமை வருகிறது, ஆனால் கேட்கிறவர் அதற்குச் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்கிற ஒருவர் இல்லாதபோது அது "கதை விடுவது"தான். அம்மா சொன்னது தப்பில்லை.

இன்று மலையில் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வாசலுக்கு வருகிறது. யாரும் மூட்டை ஜீப்பில் படுத்துக்கொண்டு இறங்க வேண்டியதில்லை. அது போனதில் எனக்கு வருத்தமில்லை. அம்மா போய்விட்டாள். அவளோடு வேறொன்றும் போய்விட்டதைச் சமீபத்தில்தான் கவனித்தேன். சைக்கிளில் வந்தவர் அன்று எங்கள் வாசலில் உண்மையில் என்ன சொன்னார் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு சொல்கூட நினைவில் இல்லை, அவர் முகமும் இல்லை. அப்பா விடிகாலையில் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.