ஒரு தட்டுக்கு ஒரு பதில்

பாடம் எழுதுவதுதான் இப்போது என் பிழைப்பு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எதை முதலில் காட்டுவது, எதைச் சேர்ந்து சொல்ல வைப்பது, எப்போது தனியாக விடுவது என்று ஆசிரியர்களுக்கு வரிவரியாக எழுதிக் கொடுப்பேன். அதில் கெட்டிக்காரி என்று பெயரும் உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அக்காவின் ஞாபகம்தான் வரும்.

தொண்ணூறுகளில் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு, தறி நெய்யும் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு வகுப்பு வந்தது. எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பத்து. என்னை முதல் நாளே சேர்த்துவிட்டார்கள். அக்கா பள்ளிக்கூடத்தையே பார்க்காதவள். அப்பா நெய்யும் கோர்வைச் சேலையில் ஒரு பக்கக் கரைக்கு, ஊடுநூலை ஓட்டும் நாடா தனி. அதைத் தள்ள அப்பாவுக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அக்கா. அம்மா ஒரு வாரம் சண்டை போட்டுத்தான் அவளை அனுப்ப முடிந்தது.

"போவட்டும். படிப்பு ஏறலன்னா திரும்பத் தறியில வந்து குந்திக்கணும்," என்றார் அப்பா.

டீச்சரின் முறை எளிது. எழுத்தைக் காட்டி அவர் சொல்வார். பிறகு அவரோடு சேர்ந்து நாங்கள் சொல்வோம். பிறகு மேசையில் ஒரு தட்டு, உடனே நாங்கள் மட்டும் சொல்ல வேண்டும். அந்தத் தட்டுக்கு என்ன அர்த்தம் என்று முதல் நாளே பழக்கியிருந்தார். அக்கா வந்தது எட்டாம் நாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் சொல்லவில்லை.

டீச்சர் தட்டினார். நாங்கள் "அ" என்று கத்தினோம். அக்காவின் வலது கை மட்டும் விருட்டென்று பக்கவாட்டில் நீண்டது. மறுபடி தட்டு, மறுபடி கை. வீட்டில் அப்பா தறிக்கட்டையைத் தட்டினால் அவள் வலது கையால் நாடாவைத் தள்ள வேண்டும்.

"இன்னா பாப்பா, ஈ ஓட்டிக்கினு இருக்கியா?" என்றார் டீச்சர்.

எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் நான். அது போதாதென்று, சாயங்காலம் அப்பாவின் முன்னால் அக்காவைப் போலவே நடித்தும் காட்டினேன். அப்பா அம்மாவைப் பார்த்து, "பாத்தியா? அவளுக்கு ஏறாதுமா, விட்டுடு," என்றார். மறுநாள் அக்கா தறியில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பாவும் அதே முறையில்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்: செய்து காட்டி, கையைப் பிடித்துச் செய்ய வைத்து, பிறகு தனியாக விட்டு. அந்தப் பாடத்தில் அவள் ஒரு தட்டைக்கூடத் தவறவிட்டதில்லை. படிப்பு ஏறாதவள் என்று நான் நடித்துக் காட்டியது, எங்களில் நன்றாகக் கற்றிருந்த பிள்ளையை என்பது அந்த ஆறு வயதில் எனக்குத் தெரியவில்லை. இப்போது நான் எழுதும் ஒவ்வொரு பாடமும், பிள்ளைக்கு முன்பே என்ன தெரியும் என்று பாருங்கள் என்றுதான் தொடங்குகிறது. அக்காவால் அந்த வரியை வாசிக்க முடியாது.