பாவக்கள்ளன் என்று ஒரு பெயர்

பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் சின்ன ‘ர’, எந்த இடத்தில் பெரிய ‘ற’ என்பது இன்றும் எனக்குச் சந்தேகம்தான். இருபத்தைந்து வருடமாகக் கொச்சியில் இருப்பதால் நடுவே மலையாளமும் வந்து விழும். பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். நான் செய்ததை மட்டும் திருத்தி நல்லதாக்கிவிட வேண்டாம்.

இது நடந்தது 1983 மழைக்காலத்தில், மட்டாஞ்சேரி ஜூ டவுன் என்ற யூதர் தெருவில். அங்கே ஒரு பழம்பொருள் கடையில் நான் பேக்கிங் வேலை பார்த்தேன். வெளிநாட்டுக்காரர்கள் வாங்கும் விளக்கு, சிலை, கண்ணாடிச் சாமான்களைப் பழைய பேப்பரில் சுற்றி, மரப்பெட்டிக்குள் வைக்கோல் திணித்து அடுக்கி, ஆணி அடித்துத் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடையின் பின்கட்டிலேயே படுக்கை. நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அதற்கு மூன்று நாலு வருடம் முன்னால் எர்ணாகுளத்தில் ஒரு இங்கிலீஷ் படம் பார்த்தேன். வானத்துக்கு அப்பால் கப்பல்கள் சண்டை போடும் படம். ஒரு வார்த்தை புரியவில்லை. சுற்றி இருந்தவர்களுக்கும் புரியவில்லை. அதனால் எனக்கு வெட்கமாக இல்லை. போட் ஏறிப் போய் நாலு தடவை பார்த்தேன். பிறகு அதன் இரண்டாம் பாகம் வந்தபோது அதையும் பார்த்தேன்.

ஒருநாள் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கடையில் ஒரு பிளாஸ்டிக் பொம்மையை விட்டுப் போனது. விரல் நீளம்தான் இருக்கும். கை, கால், கழுத்து எல்லாம் தனித்தனியாகத் திரும்பும். அந்தப் படத்தில் வரும் படைவீரன் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஒரு வாரம் மேசைமேல் வைத்திருந்தேன், யாரும் தேடி வரவில்லை. அப்படி ஆரம்பித்தது என் பைத்தியம். நாற்பது வயசை நெருங்கும் ஆள் பொம்மை சேர்க்கிறான் என்று தெரிந்தால் தெருவே சிரிக்கும். பிஸ்கட் டின்னில் போட்டுப் பரண்மேல் ஒளித்து வைத்தேன்.

இது தெரிந்த ஒரே ஆள் என்னோடு பேக்கிங் வேலை பார்த்தவன். வல்லார்பாடம் தீவிலிருந்து தினமும் போட்டில் வருவான். என்னைவிட ஆறு வயசு இளையவன், மனைவியும் ஒரு பெண் குழந்தையும் உண்டு. என்னை ‘அண்ணாச்சி’ என்பான். வாய் உள்ளவன். கப்பலில் வரும் மாலுமிகள் இப்படிப் பொம்மைகள் கொண்டுவருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, எனக்காகப் படகுத்துறை ஜெட்டிக்குப் போய் அவர்களிடம் பேசுவான். கைலியோ ஊதுபத்தியோ கொடுத்துப் பொம்மை வாங்கி வருவான். என்னிடம் இருந்த பன்னிரண்டில் ஒன்பது அவன் வாங்கித் தந்தது.

அதில் எனக்கு உயிர், வானக்கப்பல் ஓட்டும் ஒற்றைக்கண் மாலுமி. பச்சை முகம், நெற்றி நடுவில் ஒரே கண், வெள்ளிச் சட்டை. அதைப் பார்த்து அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “இவன் நல்லவனாக்கும் அண்ணாச்சி. நம்ம முதலாளியப் போல ரெண்டு கண்ணும் வெச்சு நம்மள நோக்கமாட்டான்.”

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் இருந்தது. கடைச் சரக்கை மலையாளப் பேப்பரில்தான் சுற்றுவோம். பழைய பேப்பர்க் கட்டில் எப்போதாவது தமிழ்ப் பேப்பர் வந்தால் அது எனக்கு. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், தெரியாத வார்த்தைக்குக் கீழே பென்சிலால் கோடு போடுவேன். படித்து முடித்ததும் என் பொம்மைகளை அதில் சுற்றி வைப்பேன். தமிழ்ப் பேப்பரில் சுற்றியிருந்தால் அது அண்ணாச்சியுடையது, கடைச் சரக்கு இல்லை. அவன் அதைத் தொடமாட்டான்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் கூரை ஒழுகி மலையாளப் பேப்பர்க் கட்டு முழுக்க நனைந்துபோனது. அன்றைக்கென்று பெரிய கண்ணாடித் தொங்குவிளக்கு ஒன்று போக வேண்டும். வண்டி வாசலில் நிற்கிறது, முதலாளி கத்துகிறார். நான் என் தமிழ்ப் பேப்பர்களை எடுத்து விளக்கின் சின்னச் சின்னத் துண்டுகளைச் சுற்ற ஆரம்பித்தேன்.

“எல்லாம் தமிழ்ப் பேப்பராணல்லோ அண்ணாச்சி. மாறிப்போகும் கேட்டோ,” என்றான்.

“எனக்குத் தெரியும், நீ வைக்கோலை எடு,” என்று கடுகடுத்தேன். மேசைமேல் கிடந்த பொட்டலங்களை எல்லாம் நானே அள்ளிப் பெட்டியில் அடுக்கி ஆணி அடித்தேன்.

இரண்டு நாள் கழித்து டின்னைத் திறந்தால் மாலுமி இல்லை. பதினொன்றுதான் இருந்தது. பித்துப் பிடித்தவன்போல வைக்கோலையெல்லாம் கிளறினேன். சத்தம் கேட்டு முதலாளி வந்துவிட்டார். டின்னைப் பார்த்து முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. இந்த இடம் வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். வாசலில் வண்டிக்காரர்கள், சுமைக்காரர்கள் நாலைந்து பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் என் பக்கத்தில் நின்றான்.

நான் சொன்னேன், “அவனுக்கு மட்டும்தான் தெரியும்.”

அவ்வளவுதான். இடம் தெரிந்தவன் அவன் ஒருவன் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன், கேட்டவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள் என்று பிற்பாடு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். அவன்தான் எடுத்தான் என்று நினைத்துத்தான் சொன்னேன். மகளுக்கு விளையாடக் கொண்டுபோயிருப்பான் என்று மனசு முடிவு செய்துவிட்டது. அந்தப் பெட்டியின் ஞாபகமே எனக்கு வரவில்லை.

அவன் என்னைப் பார்த்து, “அண்ணாச்சி, ஞானோ? நானா?” என்று மட்டும் கேட்டான். நான் தரையைப் பார்த்தேன். இன்றைக்குப் பாவ, நாளைக்கு விளக்கு என்று சொல்லி முதலாளி அப்போதே அவனை அனுப்பிவிட்டார். மலையாளத்தில் ‘பாவ’ என்றால் பொம்மை. வாசலில் நின்றவர்களில் ஒருவர் அன்றைக்கே அவனுக்குப் ‘பாவக்கள்ளன்’ என்று பெயர் வைத்தார். மட்டாஞ்சேரியில் ஒரு பட்டப்பெயர் விழுந்தால் அது அடுத்த நாள் ஜெட்டியைத் தாண்டியிருக்கும். பழம்பொருள் கடை எதிலும் அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. கடைசியில் பஜாரில் அரிசிக் கோடவுனில் மூட்டை தூக்கினான். எதிரில் வந்தால் நான் சந்துக்குள் திரும்பிவிடுவேன். திருடியவன் அவன், ஒளிந்தவன் நான் என்று எனக்கு அப்போது கோபம்கூட உண்டு.

அடுத்த வருடம் டிசம்பரில், அந்தத் தொங்குவிளக்கை வாங்கிய வெள்ளைக்கார அம்மா மறுபடி கடைக்கு வந்தார். கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். தமிழ்ப் பேப்பர். மஞ்சளாகியிருந்த அதில் என் பென்சில் கோடுகள் அப்படியே இருந்தன. பிரித்தேன். உள்ளே மாலுமி. அன்று காலை புதுப் பேப்பரில் சுற்றி, டின்னில் வைக்க மறந்து மேசைமேலேயே விட்டிருக்கிறேன்.

அவர் இங்கிலீஷில் சொன்னதைக் கடைக் கணக்கர் எடுத்துச் சொன்னார். கடைக்காரர்கள் வைத்த பரிசு என்றுதான் முதலில் நினைத்தாராம். அப்புறம், இங்கே ஏதோ குழந்தை இதைக் காணாமல் அழுதுகொண்டிருக்கும் என்று தோன்றியதாம். அதனால் அவ்வளவு தூரம் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார். குழந்தை யார் என்று கேட்டார். கணக்கர் என்னைக் காட்டினார். அந்த அம்மா சிரித்தபடி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையால்தான் நான் அந்தப் பெட்டிக்கு ஆணி அடித்தேன்.

அப்படியே பஜாருக்கு ஓடினேன். அவன் கோடவுன் வாசலில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பொம்மையை நீட்டினேன். நடந்ததைச் சொல்லி அழுதேன். அவன் வாங்கிப் பார்த்தான். மாலுமியின் கையை மேலும் கீழும் ஆட்டினான்.

“கை இன்னும் நல்லா திரும்புது,” என்றான். என்னிடமே திருப்பித் தந்தான். “இத எனக்குக் காட்டிட்டு என்ன காரியம் அண்ணாச்சி? நான் எடுத்திட்டில்லன்னு எனக்கு அப்பவே தெரியும். அவங்களுக்குக் காட்டு.” பஜாரைக் காட்டினான்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அன்று வாய் திறந்து பேசினேன். கோடவுன், வண்டி ஸ்டாண்டு, ஜெட்டி என்று ஒவ்வொரு இடமாகப் போனேன். பொம்மையைக் காட்டி, தப்பு என்னுடையது, அவன் திருடவில்லை என்று சொன்னேன். நாக்கு ஒட்டியது, ஆனாலும் சொன்னேன். நாற்பது வயசில் பாவ வெச்சுக் களிக்கிற அண்ணாச்சி என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அதைப் பொறுத்துக்கொண்டேன். முதலாளியிடமும் சொன்னேன். அடடா, பாவம் என்றார். ஆனால் வேறு ஆள் வைத்தாயிற்று என்றார்.

கடைசியாகச் சாயாக்கடைக்குப் போனேன். கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டார். நல்ல மனுஷர், உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். அந்த நேரம் பார்த்து அவன் மூட்டையோடு தெருவில் போனான். கடைக்காரர் எழுந்து நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

“எடா பாவக்கள்ளா! கேட்டோ? நீ கள்ளனல்லடா! வா, ஒரு சாயா குடி!”

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அவன் நின்றான். மூட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டு என்னை ஒருதரம் பார்த்தான். சாயா குடிக்க வரவில்லை.

இப்போதும் பஜாரில் அவனுக்கு அதுதான் பெயர். கூப்பிடுகிற பாதிப் பேருக்குக் காரணம் தெரியாது. அவர்கள் மனசில் கெட்ட எண்ணமும் கிடையாது. போன மாதம் புதிதாக வேலைக்கு வந்த ஒருவன் என்னிடமே வந்து, “பாவக்கள்ளன் சேட்டன் எவிட?” என்று மரியாதையாகக் கேட்டான். நான் கையைக் காட்டினேன். புதியவன் அப்படியே கூப்பிட, அந்தப் பெயருக்கு அவன் திரும்பிப் பார்த்தான்.

அதன்பிறகு நான் ஒரு பொம்மையும் சேர்க்கவில்லை. அந்தப் படத்தின் மூன்றாம் பாகம் எர்ணாகுளத்தில் ஓடியது, போகவில்லை. பன்னிரண்டும் டின்னில் இருக்கின்றன. எதையும் பேப்பரில் சுற்றவில்லை. ஒற்றைக்கண் மாலுமி கடல் தாண்டிப் போய் ஒரு கீறல்கூட இல்லாமல் என்னிடம் திரும்பி வந்தான். என் வாயிலிருந்து போன மூன்று வார்த்தைகளோ, அடுத்த தெருவிலிருந்துகூட இன்னும் திரும்பி வரவில்லை.

எழுதி முடித்தது: 12 மார்ச் 1989, ஞாயிற்றுக்கிழமை.