மிலுங்காவின் படுக்கையறை

நோவா வரோஷ் என்ற மலையூரில் இருபத்தாறு வருடமாகத் தபால் கொண்டுபோகிறவள் மிலுங்கா. ஓய்வூதியப் பணமும் அவள் பையில்தான் வரும் என்பதால் யாரும் அவளை வாசலோடு அனுப்புவதில்லை. "உள்ள வாடி, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போ" என்று கையைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். அதனால் எந்த வீட்டில் எந்த அறை சூடாக இருக்கும் என்று அவளைக் கேட்டால் சொல்லிவிடுவாள். எல்லா வீட்டுக்கும் ஒரே பதில்தான்: சமையலறை. குளிர் தொடங்கியதும் குடும்பமே விறகடுப்பைச் சுற்றிக் குடியேறிவிடும். மற்ற அறைகளின் கதவை இறுக்கிச் சாத்தினால் ஏப்ரல் வரை திறக்க மாட்டார்கள்.

ஆனால் படுப்பதென்னவோ அந்தச் சாத்திய அறைகளில்தான். மாமனார் வீட்டில் அவளுக்கும் கணவன் திஹோமிருக்கும் கிடைத்தது மாடியறை. அடுப்பில் சூடாக்கிய செங்கல்லைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு படியேறுவாள். விடிவதற்குள் செங்கல்லும் சில்லிட்டுப் போகும். பிள்ளைகள் இரண்டும் அங்கேயே வளர்ந்து, ஒருத்தி நோவி சாத் நகரத்துக்கும் ஒருவன் வியன்னாவுக்கும் போயாகிவிட்டது. அந்த அறையில் மட்டும் சூடு ஏறியதே இல்லை.

ஆகவே மலையடிவாரத்தில் இருவரும் சொந்தமாகப் புதுவீடு கட்டத் தொடங்கியபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எனக்குப் பால்கனி வேணாம். பெரிய ஹால் வேணாம். ஜனவரி மாசம் படுக்கையறை சூடா இருக்கணும். அவ்வளவுதான்."

தோழியின் மகள் நெவேனா உஷித்செ நகரத்தில் பொறியாளர். அவள்தான் வரைபடம் போட்டாள். சுவரைச் சுற்றி முக்கால் முழக் கனத்துக்குப் பஞ்சு, ஜன்னலுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி. பழைய காற்று வெளியே போகும் வழியிலேயே அதன் சூட்டைப் பிடுங்கிப் புதுக்காற்றுக்குக் கொடுத்துவிடும் குழாய்கள். ஒரு சந்து, ஓட்டை இல்லை. வீடு முடிந்துவிட்டது. எதைக் கொண்டு சூடாக்குவது என்பது மட்டும்தான் பாக்கி.

"மாமா, இந்த வீட்டுக்கு ரெண்டு கிலோவாட் போதும்" என்றாள் நெவேனா. "தலை காயவைக்கிற டிரையர் ரெண்டு ஓடுனா எவ்வளவு சூடோ, அவ்வளவுதான். வெளிக்காத்துல இருந்து சூட்டை எடுத்து உள்ள விடற சின்ன ஹீட் பம்ப் ஒண்ணு வெளிச்சுவத்துல மாட்டிடுவோம்."

"நான் வீடு கட்டச் சொன்னது எனக்கும்மா, என் தலைமயிருக்கு இல்ல" என்றான் திஹோமிர்.

அவனுக்கு வேலை மரம் அறுக்கும் மில்லில். துண்டு விறகுக்குப் பஞ்சமில்லை. கடையில் ஒரு வெள்ளை எனாமல் அடுப்பையும் பார்த்து வைத்திருந்தான். ஒன்பது கிலோவாட்.

"அதுல முட்டைகோஸ் இலையில சுத்துன சர்மா வேகும், பன்றிக்கால் வாட்டலாம், முன்னால காலை நீட்டி உட்காரலாம். உன் டப்பா சுவத்துல தொங்கிக்கிட்டு உர்ருங்கும். அது பக்கத்துல உட்கார்ந்து எவன் ராக்கியா குடிப்பான்?"

"ஒன்பது கிலோவாட்டை இங்க பத்தவச்சா நீங்க ஜட்டியோடதான் உட்காரணும் மாமா."

"உட்கார்ந்துட்டுப் போறேன். சூடு வீணாப் போகாம சமையலறைக் கதவைச் சாத்திக்கலாம்."

மிலுங்கா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். கதவைச் சாத்திக்கலாம். அடுப்பு வந்தால் கதவு சாத்தப்படும். கதவு சாத்தினால் படுக்கையறை பழைய மாடியறையாகிவிடும். இதற்கு அந்த வீட்டிலேயே இருந்திருக்கலாமே.

"திஹோமிர், ஒரு பந்தயம்" என்றாள். "இந்த வருஷம் ஸ்லாவா விருந்தை இங்கயே வைப்போம். அடுப்பும் வேணாம், டப்பாவும் வேணாம். சாப்பாடு முடியறவரைக்கும் ஒரே ஒரு ஆள் கோட்டைக் கழட்டாம உட்கார்ந்திருந்தாலும் உன் அடுப்பு உள்ள வரட்டும். நான் வாயே திறக்கமாட்டேன். எல்லாரும் கழட்டிட்டா நெவேனா சொன்னது."

"நவம்பர் மாசத்துல? அடுப்பே இல்லாம?"

"ஆமா."

அவன் சட்டென்று கை நீட்டிக் குலுக்கினான். அவ்வளவு சந்தோஷமாக அவன் எதற்கும் ஒப்புக்கொண்டு அவள் பார்த்ததில்லை.

குடும்பப் புனிதரின் நாளான ஸ்லாவா வந்தது. வெளியே புல்லெல்லாம் உறைபனி. மிலுங்கா இரண்டு நாளாக மின்சார அடுப்பில் சுட்டுக்கொண்டிருந்தாள், வீட்டுக்குள் இருந்த சூடு அவ்வளவுதான். காலையில் சுவர் வெப்பமானி பதினைந்தைக் காட்டியது. பாதிரியார் வந்து ரொட்டியை ஆசீர்வதித்துவிட்டுப் போனார். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பது வழக்கமில்லை, வருகிறவர்கள் வருவார்கள். முப்பது பேர் வந்தார்கள். வாசலில் நின்று, "கழற்றலாமா, வேண்டாமா" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் கோப்பை ராக்கியாவில் பாதிக் கோட்டுகள் படுக்கையறைக் கட்டிலில் குவிந்தன. சூப்பு வந்தபோது மீதியும் போயின. சர்மாவின்போது ஸ்வெட்டர்கள். இறைச்சி வந்தபோது ஆண்கள் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்கள். வெப்பமானி இருபத்து மூன்று.

ஒப்ரேன் பெரியப்பா மட்டும் மேசைத் தலைமாட்டில் ஆட்டுத்தோல் கோட்டோடு உட்கார்ந்திருந்தார், எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு. திஹோமிரின் அப்பாவுக்கு மூத்தவர், எண்பத்து நான்கு வயது. அக்டோபரில் போட்ட கோட்டை மே மாதம் கழற்றுகிற மனிதர். திஹோமிர் அவ்வளவு வேகமாகக் கை குலுக்கியதன் ரகசியம் மிலுங்காவுக்கு அப்போதுதான் விளங்கியது.

"பெரியப்பா, கோட்டைக் குடுங்க, உள்ள வைக்கிறேன்."

"குளிருது."

சொல்லி முடிக்கவில்லை, மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை தட்டில் விழுந்தது.

"ரொம்பக் குளிருதுதான்!" என்றான் மேசைக்கோடியில் ஒருவன். சிரிப்பு அடங்குவதற்குள் நெவேனா தெருப்பக்க ஜன்னலைத் திறந்தாள். யாரோ தோட்டப்பக்கத்து ஜன்னலையும் திறந்தார்கள்.

"சாத்துங்கடா!" என்று அலறினார் பெரியப்பா. "குறுக்குக்காத்து! வேர்த்த ஒடம்புல குறுக்குக்காத்து பட்டா ஆளு தாங்கமாட்டான்!"

அதைப் பற்றி அந்த ஊரில் இரண்டு கருத்து கிடையாது. சித்திமார் மூன்று பேர் ஒன்றாக எழுந்து ஓடினார்கள். ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன.

"அப்ப வேர்க்குதுன்னு ஒத்துக்கறீங்க?" என்றாள் நெவேனா.

"எனக்கு வேர்க்கல. பொதுவாச் சொன்னேன்."

ஜன்னல் சாத்தியிருந்தால் அவருக்கு வேக்காடு. ஜன்னலைத் திறந்தால் கோட்டைக் கழற்ற பயம். முகம் சுட்ட மிளகாய் மாதிரி சிவந்துபோனது. மிலுங்காவுக்குப் பந்தயம் மறந்துபோனது. அவர் காதருகே குனிந்தாள்.

"படுக்கையறையில ஜன்னல் சாத்தியே இருக்கு பெரியப்பா. காத்தே கிடையாது. அஞ்சு நிமிஷம் வந்து சாஞ்சுக்குங்க."

பெரியப்பா திஹோமிரைப் பார்த்தார். திஹோமிர் வேண்டாம் என்று தலையாட்டினான். கிழவர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நீ குடுத்தனுப்புன ராக்கியாவுக்கு இவ்வளவு நேரம் உட்கார்ந்ததே அதிகம்டா" என்றார்.

வீடே சிரித்தது. திஹோமிரின் காதுமடல் சிவந்தது.

ஐந்து நிமிடம் ஆயிற்று, அரைமணி நேரம் ஆயிற்று. கேக்கும் வந்துவிட்டது, பெரியப்பாவைக் காணோம். திஹோமிர் எழுந்து போனான். மிலுங்காவும் பின்னாலேயே போனாள்.

ஆட்டுத்தோல் கோட்டு தரையில் கிடந்தது. பூட்ஸும், காலுறையும்கூட. முப்பது கோட்டுகளின் குவியல்மேல் பெரியப்பா வெறும் பனியனோடு வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

திஹோமிர் நின்று பார்த்தான். பிறகு சுவரைத் தொட்டான். வடக்குப் பக்கத்துச் சுவர், சில்லிடவே இல்லை.

"இங்க யாரும் உட்காரவே இல்லையே" என்றான் மெதுவாக.

"இல்ல."

"பின்ன எப்படி?"

"அங்க முப்பது பேர் மூச்சு விட்டாங்க. நாம கதவைச் சாத்தல."

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அந்த மாடியறையில நம்ம பிள்ளைங்க ரெண்டும் தொப்பி போட்டுக்கிட்டுத்தான் தூங்குச்சு, இல்ல?"

"நானும்தான். நீ ஒருத்தன்தான் குறட்டை விட்ட."

மேசைக்குத் திரும்பியதும் அவனே நெவேனாவுக்கு ஊற்றிக் கொடுத்தான். "உன் டப்பாவையே மாட்டு. உர்ருன்னு ஒரு சத்தம் வந்தாலும் கழட்டிக் கொண்டுவந்து உன் வீட்டு ஜன்னலுக்குக் கீழ மாட்டிடுவேன்." எனாமல் அடுப்பை அவன் விடவில்லை. வாங்கி, தோட்டத்துக் கொட்டகையில் போட்டான். சனிக்கிழமைகளில் மில் சிநேகிதர்கள் அங்கேதான் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள், பெரியப்பாவோடு.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை. வெளியே மைனஸ் பதினெட்டு. ஏழு மணிக்குத் தபால் நிலையத்தில் இருக்க வேண்டிய மிலுங்கா எட்டேகாலுக்குப் போய் நின்றாள். இருபத்தாறு வருடத்தில் முதல்முறை.

"என்னம்மா, பஸ் பனியில மாட்டிக்கிச்சா?" என்றார் அதிகாரி.

"இல்ல சார். படுக்கையறையில குளிரே இல்ல, கண்ணாடி முன்னால நின்னு மூணு சட்டை மாத்திப் பார்த்தேன். நேரம் போனதே தெரியல."

அவள்மேல் இருந்தது கழுத்துவரை பொத்தான் போட்ட நீலத் தபால் கோட்டு.

"எங்க, எதைத்தான் போட்டுக்கிட்டு வந்த?"

"சிவப்பு" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டுத் தெருவுக்குக் கிளம்பினாள்.